பீரோவில் கிடந்த ஜாக்கெட் துணிகள்

தையல் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. வீட்டில் கால் மெஷின் இருக்கிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவிலேயே கூப்பிட்டுத் துணி கொடுக்க ஆள் இருக்கிறது. அப்படியும் நான் ரொம்ப நாள் வெளி ஆளுக்கு ஒரு ஜாக்கெட்கூடத் தைத்துக் கொடுக்கவில்லை. வாங்கி வைத்த துணிகள் அளவு ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டியபடி பீரோவின் கீழ்த்தட்டில் கிடந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "இந்த வாரம் முடிச்சிடறேன்கா."

நம் ஊரில் சாக்குக்குப் பஞ்சமே கிடையாது. காலண்டரே பாதியை எடுத்துக் கொடுத்துவிடும். ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது. மார்கழி ஆகாது. நடுவில் அஷ்டமி, நவமி, கரிநாள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல். 2011 டிசம்பர் 30இல் வந்த 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களிடம் புயலைச் சாக்கு என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அது முடிந்தால் லீவுக்கு விருந்தாளி. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். பொய்யாக இருந்தால் என்றைக்காவது பிடிபட்டிருக்கும்.

தைப்பதில் எனக்குப் பயம் இருந்ததில்லை. பயம் எல்லாம் வெட்டுவதில். தையல் கோணினால் பிரித்து மறுபடி அடிக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. பட்டுப்புடவையோடு சேர்ந்து வருகிற ஜாக்கெட் துணி சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கும். கை நீளமாக வேண்டும் என்றால் அதிலேயே இழுபறி. அதே நிறத்தில், அதே சரிகையில் இன்னொரு துண்டுக்கு எங்கே போவது? பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளை வேறு தெரியும்.

மதியம் துணியைத் தரையில் விரிப்பேன். அளவு ஜாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து ஷோல்டர், கைக்குழி, மார்புச் சுற்று, இடுப்பு எல்லாம் எழுதிக்கொள்வேன். சாக் எடுத்துக் கோடு போடுவேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் கழுத்து ஆழம் ஆறு இன்ச்சா, ஆறரையா என்று சந்தேகம் வரும். மறுபடி டேப் வைப்பேன். ஆறரைதான். சரி என்று குனிந்தால், முன்பக்க டாட் (மடிப்புத் தையல்) எங்கே நிற்கும் என்று அடுத்த சந்தேகம். அதற்குள் டீ போடுகிற நேரம் வந்துவிடும். துணியை மடித்து பீரோவில் வைத்துச் சாத்தியதும் மனசு அப்படியே லேசாகிவிடும்.

அந்த லேசுதான் வம்பு என்பதை எனக்குச் சொன்னவள் சிதம்பரத்தில் சைக்காலஜி படிக்கிற என் நாத்தனார் மகள். அதுவரை நான் என்னைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அலாரம் வைத்தேன், டைரி வாங்கினேன், அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. "அத்தை, நீங்க நேரத்தைத் தள்ளிப் போடல. பயத்தைத் தள்ளிப் போடறீங்க" என்றாள். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் இதையே ஆராய்ந்த டிமத்தி பிச்சில் என்பவரும் இப்படித்தான் சொல்கிறாராம். தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதில்லை. அந்த வேலை கிளப்புகிற பயத்தையும் எரிச்சலையும் அப்போதைக்குத் தணித்துக்கொள்ளச் செய்வது. துணியை மடித்ததும் நிம்மதி கிடைக்கிறது. நிம்மதி கிடைத்த காரியத்தை மனசு மறுநாளும் செய்யச் சொல்கிறது. வீட்டு வேலை முழுவதையும் மூச்சுவிடாமல் முடிக்கிற நான் இந்த ஒன்றில் மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறேன் என்பதற்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

தள்ளிப்போடுவதில் கௌரவமான ஒரு வகையும் உண்டு. அதற்குத் தயாராகிறேன் என்று பேர். யூடியூபில் பிரின்சஸ் கட், கட்டோரி கட், பின்பக்கம் பானைக் கழுத்து என்று ஜாக்கெட் மாடல் எல்லாம் பார்த்தேன். அடுத்து கடன் திட்டங்கள். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கிடைக்கும். சிறு தொழில்களைப் பதிவு செய்கிற உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடக்கிறது, ஆதாரை வைத்து ஆன்லைனிலேயே செய்யலாம், அரசாங்கத்துக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். (காசு கேட்கிற வெப்சைட்டுகள் நிறைய உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.) தெருவில் யார் கேட்டாலும் சொல்லுகிற அளவுக்கு எனக்கு எல்லாம் மனப்பாடம். இரண்டு பெண்கள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்க் கடன் வாங்கிக் கடையே போட்டுவிட்டார்கள். என் பீரோவில் துணி அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்த டீச்சரக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையிலேயே வகுப்பும் நடத்துவார், ஆர்டரும் தைப்பார். ஒருநாள் நாங்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சில்க் துணி கெட்டது. துணி பற்றவில்லை என்று மடிக்காமல் ஒற்றையாகப் போட்டு வெட்டினார். முன்பக்கம் இரண்டும் எதிரெதிராக வர வேண்டும் இல்லையா, இரண்டும் இடப்பக்கமாகவே வந்துவிட்டன. வெட்டி எடுத்து அருகருகே வைத்த பிறகுதான் தெரிந்தது. உள்பக்கம் வேறு மாதிரி இருக்கிற துணி, திருப்பியும் போட முடியாது. எங்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது.

அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். உடனே போனை எடுத்தார். "அம்மா, உங்க துணி என் கையில கெட்டுப் போச்சு. முன்பக்கம் ரெண்டும் ஒரே பக்கமா வெட்டிட்டேன். நாளைக்குப் பாண்டி போய் இதே கலர் பார்க்கறேன். கிடைக்கலன்னா உங்களுக்குப் பிடிச்ச கான்ட்ராஸ்ட் துணி என் செலவுல எடுத்துத் தரேன். தையல் கூலி வேண்டாம்." அந்தப் பக்கத்திலிருந்து வந்த திட்டு எங்களுக்கும் கேட்டது. மறுநாள் வெட்டின துண்டோடு பஸ் ஏறி நேரு வீதிக்குப் போனார். அதே நிறம் கிடைக்கவில்லை. மாம்பழ மஞ்சளில் ஒன்று எடுத்து வந்து தைத்துக் கொடுத்தார். அந்த அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கிப் போனார்கள்; தீபாவளிக்கு மறுபடி துணியோடு வந்தார்கள்.

எனக்கு அதைவிட ஆச்சரியம், பாண்டிச் செலவுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது. மெஷின் மேசை டிராயரில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஜாக்கெட் கூலியிலிருந்தும் 10 ரூபாய் அதற்குள் போய்விடும். கெட்ட துணிக் காசு என்று அதற்குப் பேர். "வருஷத்துல ஏதாவது ஒண்ணு கெடும்டி. வாடகை மாதிரி எடுத்து வெச்சுட வேண்டியதுதான்" என்றார். இத்தனை வருஷம் தைத்தவரே கெடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கெடவே கூடாது என்று ஒரு ஜாக்கெட்கூட வெட்டாமல் உட்கார்ந்திருந்தது நான்.

அப்படியும் வீட்டுக்கு வந்த உடனே கத்தரிக்கோலைத் தூக்கிவிடவில்லை. ஒரு காரியம் மட்டும் செய்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், என் கையில் ஒரு துணி கெட்டால் என்ன ஆகும் என்று வரி வரியாக எழுதினேன். பருத்தி ஜாக்கெட் துணி கெட்டால் அதே மாதிரி ஒன்று எடுக்க 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். லைனிங் கெட்டால் இன்னும் குறைவு. சில்க் காட்டனில் நிறம் பொருந்தாது, கான்ட்ராஸ்ட் போட வேண்டும், பேச்சு வாங்க வேண்டும். பட்டு கெட்டால் தாங்காது. எழுதிப் பார்த்ததும் பயம் துண்டு துண்டாகத் தெரிந்தது. மனசுக்குள் இருந்தபோது எல்லாத் துணியும் கல்யாணப் பட்டாகவே இருந்தது. தாளில் பார்த்தால் பீரோவில் இருந்தவற்றில் முக்கால்வாசி சாதாப் பருத்தி.

பட்டுத் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு உரியவர்கள் வீட்டுக்குப் போனேன். "பட்டு இன்னும் பழகலைங்க. வேற இடத்துல குடுத்துடுங்க. சாதா ஜாக்கெட் இருந்தா எனக்குக் குடுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒருவர்கூடத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்கள், அவ்வளவுதான். முடியாததை முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டால், முடிகிறது எது என்று தெளிவாகிவிடுகிறது.

இந்த நேரத்தில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிக் கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. எங்கள் சின்னம்மா குடும்பம் உடுத்தின துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. சின்னம்மா கொஞ்சம் பருமன், என் ஜாக்கெட் எதுவும் அவருக்கு ஏறாது. "ஏண்டி, தையல் படிச்சியே, எப்படியாவது ஒண்ணு தைச்சுக் குடு. போட்டுக்க இருந்தா போதும்" என்றார்.

கரண்ட் இல்லை. கால் மெஷினுக்குக் கரண்ட் எதற்கு? வாசலோரம் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, எனக்காக எடுத்து வைத்திருந்த பருத்தித் துணியை வெட்டினேன். ஆறா, ஆறரையா என்ற நினைப்பே வரவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. சின்னம்மா அதைப் போட்டுக்கொண்டு அடுக்களையில் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நைட்டி ஓரம் அடிப்பது, பிள்ளைகளின் ஸ்கூல் பேண்ட்டில் இடுப்பைப் பிரித்துவிடுவது என்று மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். தண்ணீர் வடிந்தது, கரண்ட் வந்தது, சின்னம்மா வீட்டுக்குப் போனார், நான் பழையபடி அளந்ததையே அளக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் வருகிற தைரியம் அவசரத்தோடு போய்விடுகிறது. நிலைத்தது பிறகு பழக்கமாக்கிக்கொண்ட சில சின்ன ஏற்பாடுகள்தான்.

முதலாவது, வெட்டுகிற வேலையை இரண்டு பொழுதாகப் பிரித்தது. ராத்திரி சாப்பாடு முடிந்து அளவெடுத்துக் கோடு போடுவது வரைதான். அப்போது கத்தரிக்கோலைத் தொடுவதே இல்லை, அதனால் பதற்றமும் இல்லை. துணியை பீரோவில் வைக்காமல் மேசையிலேயே விரித்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டுவிடுவேன். காலையில் ஸ்கூல் வேன் கிளம்பி, கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது கத்தரிக்கோல். செல்போன் அப்புறம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நாத்தனார் மகள் சொன்னாள். "நாளைக்குச் செய்வேன்" என்பதைவிட "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று ஓர் இடத்தோடும் வேளையோடும் முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்களாம். எனக்கு முடிச்சு கேட் சாத்துகிற சத்தம். லீவு நாளில் வேன் வராது, அன்றைக்கு வேலை ஓடாது, இன்றைக்கும் அப்படித்தான்.

இரண்டாவது, திருத்துவதற்கு முன்கூட்டியே இடம் விடுவது. பக்கத்தையலில் உள்ளே ஒன்றரை இன்ச் விட்டுத்தான் வெட்டுகிறேன். இறுக்கினால் பிரித்துவிடலாம். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் தொடுவது. இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுக்கும். முக்கியமான ஜாக்கெட் என்றால் லைனிங்கை மட்டும் முதலில் வெட்டிப் பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அது சரியாக உட்கார்ந்தால் அதையே வைத்து மேல்துணியை வெட்டலாம். ஒரே வெட்டில் எல்லாம் சரியாக வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்வரை கை இறங்காது. இது தையலுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கடை போட நினைக்கிறவர் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் போட்டுப் பார்க்கலாம். வேலையை விட நினைக்கிறவர் ஒரு மாத லீவில் அந்தத் தொழிலைச் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, தேதியைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பது. வாயால் சொன்ன தேதியை மறுநாளே தள்ளிவிடலாம். எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வாசலில் வந்து நிற்பார். ஆனால் அதிலும் இரண்டு நாள் கூட்டித்தான் எழுதுவேன். பீரோவில் மூன்று துணி இருந்தால் நான்காவதை வாங்குவதில்லை. குவியலைப் பார்த்தாலே பழைய ஆள் எழுந்துவிடுகிறாள்.

டீச்சரக்கா மாதிரியே நானும் ஒரு டப்பா வைத்தேன். "நான் புதுசுங்க, துணி கெட்டா என் பொறுப்பு" என்று வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன். சொன்னதும் எதிராளியைவிட எனக்குத்தான் இறுக்கம் குறைகிறது.

எல்லாத் தயக்கத்தையும் பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. பட்டை வாங்காமல் இருந்தது நிதானம். பருத்தியை வெட்டாமல் இருந்தது பயம். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: தள்ளிப்போட்ட இந்த வாரத்தில் நான் புதிதாக எதையாவது கற்றேனா, அல்லது அதே கழுத்தை மறுபடி அளந்தேனா?

என் தம்பி விஷயம் வேறு உருவம், அதே வியாதி. டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு ஒவ்வொரு முறையும் பணம் கட்டுவான், ஹால் டிக்கெட் எடுப்பான், பரீட்சை அன்றைக்குப் போக மாட்டான். "இன்னும் முழுசா படிக்கலக்கா. அடுத்த தடவை நல்லா படிச்சிட்டு எழுதறேன்." எழுதித் தோற்றால் முட்டாள் என்று ஆகிவிடும், எழுதாதவரை, எழுதினால் ஜெயிப்பான் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் அம்மாவும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவனையும் நோட்டும் பேனாவுமாக உட்கார வைத்தேன். தப்பானால் என்ன போகும்? 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். தோற்றால் யாருக்கும் சேதி போகாது. போனால் கிடைப்பது, எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி விடுகிறோம் என்ற கணக்கு. 2025 ஜூலை 12 நடந்த தேர்வுக்குப் போனான். தேறவில்லை. ஆனால் வெளியே வந்ததும் அவன் சொன்னது: "தமிழ் நூறு கேள்வியும் நான் நினைச்ச மாதிரி பயமா இல்லக்கா. கணக்கு இருபத்தஞ்சுலதான் நேரமே போயிடுச்சு. அதைக் கடைசியா வெச்சிருக்கணும்." வருஷக்கணக்கில் புத்தகத்தோடு உட்கார்ந்தும் அவனுக்குத் தெரியாத சேதி இது. இப்போது தினமும் காலையில் கணக்கு மட்டும் போடுகிறான். அடுத்த தேர்வில் தேறுவானா என்று என்னைக் கேட்காதீர்கள். போவான், அது தெரியும்.

எனக்கு இப்போது ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டியிருக்கிறது. நூல் பிரிகிற துணிகளை ஒவ்வொரு முறையும் வெளியே கொடுத்து அடித்து வருவது கட்டுப்படியாகவில்லை. உத்யம் பதிவை ஒருவழியாகச் செய்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சான்றிதழை எடுத்துக்கொண்டு முத்ரா கடன் கேட்க பேங்குக்குப் போனேன். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, மாதம் எத்தனை ஜாக்கெட் தைக்கிறீர்கள், கையில் என்ன நிற்கிறது என்பது. நோட்டைக் காட்டினேன். புரட்டிக்கொண்டே வந்தவர் கெட்ட துணி என்று தனியாக ஒரு கணக்கு ஓடுவதைப் பார்த்து, "இது என்னம்மா?" என்றார். சொன்னேன். மெஷின் கடையில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு வேன் போனதும் கிளம்ப வேண்டும், வெட்ட வேண்டியதை இன்றைக்குச் சாயங்காலமே வெட்டி வைத்துவிட்டேன்.